லேசருக்குப் பத்தியம்

என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மாப்பிள்ளையின் முகம் அல்ல, என் வலது முழங்கால்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்தில் பெண் மணையில் உட்காருவதில்லை. அப்பாவின் மடியில் உட்காருவாள். அப்பா நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பாவாடை கட்டும் வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த காலத்தில் யாரோ செய்து வைத்த ஏற்பாடு. அப்போது பெண்ணும் பூப்போல இருந்திருப்பாள், அப்பாவும் இளவட்டமாக இருந்திருப்பார். பிறகு பெண்களுக்கு வயது ஏறியது, படிப்பு ஏறியது, பாங்கில் வேலை கிடைத்தது, பாங்க் காண்டீனில் படாடா வடா என்ற உருளைக்கிழங்கு போண்டா கிடைத்தது. சாஸ்திரம் மட்டும் அதே மடியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. நான் ஐம்பதைத் தாண்டியிருந்தேன். பம்பாய் மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். படியேறும்போது என் முழங்கால் பழைய பிரம்பு நாற்காலியில் கனத்த மனிதர் உட்காருவதுபோல ஒரு சத்தம் போடும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர் வரும் நேர அறிவிப்பைப் படிப்பதுபோலப் பாவனை செய்வேன். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் எப்போது வரும் என்பது என்னைப்போல வேறு யாருக்கும் மனப்பாடமாக இருந்ததில்லை.

கல்யாணப் பேச்சுக்கு வந்த புரோகிதர், எங்கள் குடும்ப வாத்தியார், நான் தரையிலிருந்து எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தையும், வழியில் பிடித்துக்கொண்ட சாமான்களையும் கவனித்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"மாமா, மடி முக்கியம். ஆனா உங்க மடிதான்னு நிர்ப்பந்தம் இல்லை. சித்தப்பா மடியும் மடிதான்."

சித்தப்பா பக்கத்திலேயே இருந்தான். என் தம்பி. "அண்ணா, நீ சிரமப்படாதே. நான் உட்காந்துக்கறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்றான்.

'எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை' என்பது அவன் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த வாக்கியம். அதில் பொய் கலந்திருந்ததாக ஒரு நாளும் என்னால் நிரூபிக்க முடிந்ததில்லை. செம்பூரில் சொந்த ஃபிளாட், எனக்கு முந்தி டெலிபோன், எனக்கு முந்தி கலர் டிவி. காலையில் நடக்கப் போவான். வீட்டுத் தரையில் பத்மாசனம் போட்டு உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேப்பர் படிப்பான். அவனிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது ஒரே ஒரு பெண். அவனுக்கு இரண்டும் பையன்கள். இப்போது அவளையும் அவன் மடியில் உட்கார வைத்துவிட்டு, நான் பந்தியில் பாயசம் சரியாக விளம்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் போலிருந்தது.

"பார்த்துக்கலாம். இன்னும் நாளிருக்கே" என்றேன், ஷெல்ஃபைப் பிடித்துக்கொண்டு.

அவமானத்துக்கு மேல் அவமானம், எனக்கான வைத்தியத்தைக் கண்டுபிடித்ததும் அவன்தான். செம்பூரில் ஒரு எலும்பு டாக்டர் வெளிநாட்டிலிருந்து லேசர் மெஷின் தருவித்திருக்கிறார் என்று டெலிபோனில் சொன்னான். டெலிபோன் வந்தது எதிர்வீட்டுக்கு. ஆகவே அந்தச் செய்தி என் காதுக்கு வருவதற்குள் கட்டடம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

முழங்கால்களுக்கான அந்த கிளினிக் மாடியில் இருந்தது. படி செங்குத்து. மேலே வந்து சேருகிறவர்களுக்கு மட்டும் சிகிச்சை என்ற கொள்கையோ என்னவோ. டாக்டர் மராட்டியர், சிரித்த முகம். என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தொடை எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய இடைவெளியைப் பேனாவால் காட்டினார். இடைவெளி இருந்த இடத்தில் பேனா நுனிகூட நுழையாது. "கிஸ் கயா" என்றார். தேய்ந்துவிட்டது. செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல வருத்தமில்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் வலியைக் குறைக்கலாம், தொடைச் சதையை வலுப்படுத்தினால் மூட்டின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும், லேசரும் பிசியோதெரபியும் சேர்ந்து செய்யவேண்டும் என்று விளக்கினார். இதில் எனக்கு 'லேசர்' என்பது மட்டும் காதில் விழுந்தது.

நான் கொஞ்சம் படிக்கிறவன். தாதர் நூலகம் ஒன்றில் விஞ்ஞானப் பத்திரிகைகளைப் புரட்டி, லேசர் இரும்பை அறுக்கும், சந்திரனுக்குப் போய்த் திரும்பிவரும் என்றெல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். இரும்பை அறுப்பது என் முழங்காலை என்ன செய்யும் என்ற கவலையோடு ஒரு பெருமிதமும் இருந்தது. வம்சத்தில் யாருடைய முழங்காலுக்கும் இப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

மெஷின் ஒரு ஸ்டீரியோ பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் தடித்த பேனா. அதைப் பிடிப்பவர் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுக்குள் இருக்கும், துப்பட்டாவைத் தலையில் போட்டு இறுக்கியிருந்தார். தாராவியில் அவர் தகப்பனாருக்குத் தோல்பை தைக்கும் பட்டறை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பதை அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துகொண்டேன்.

"கண்ணாடி போட்டுக்கிடுங்க சார். கண்ணுல படக்கூடாது" என்று பச்சைக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வெல்டிங் பட்டறைக்காரர்கள்போல என் முழங்காலைக் குனிந்து பார்த்தோம். ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி விழுந்தது. குங்குமம் இட்டதுபோல. கொஞ்ச நேரம் ஓரிடத்தில் நின்றது, பிறகு நகர்ந்து இன்னோரிடத்தில் நின்றது. எரியவில்லை, குத்தவில்லை. மெஷின் உறுமக்கூட இல்லை.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரியாது சார்."

"கொஞ்சங்கூடத் தெரியாதா?"

"தெரிஞ்சா மெஷின்ல கோளாறுன்னு அர்த்தம். ஆடாம இருங்க."

எனக்கு ஏமாற்றம்தான். வைத்தியம் என்றால் நோயாளிக்கு ஒரு துன்பமாவது வேண்டாமா? கஷாயத்தில் கசப்பு இருக்கிறது, ஊசியில் வலி இருக்கிறது. இது வீட்டுக்கு வந்த விருந்தாளி காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது.

போகும்போது அவர் பயிற்சிகளைச் செய்து காட்டினார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கீழே அழுத்த வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். "தினம் காலையில, சாயங்காலம். விட்டுராதீய. லேசர் வலியக் குறைக்கும். வலி குறைஞ்சிருக்கிற நேரத்துலதான் காலை வேலை வாங்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதுமே சிரமமில்லாத பயிற்சி.

வீட்டில் என் மனைவி காத்திருந்தாள். அவள் பாலக்காட்டுக்காரி. அவள் அப்பா வருஷா வருஷம் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், வைத்தியசாலைக்குப் போய் எண்ணெயில் ஊறி வருபவர். அந்த வைத்தியத்தில் ஒரு சட்டம் உண்டு. எத்தனை நாள் சிகிச்சையோ அத்தனை நாள் அதற்கப்புறம் அசையாமல் கிடக்க வேண்டும். நல்லிருக்கை என்று பெயர். பேச்சுக்கூட அளவோடுதான். மருந்து உடம்பில் பிடிப்பதே அந்த இருப்பில்தான் என்பது அந்த வீட்டின் அசைக்க முடியாத நம்பிக்கை.

நான் துண்டைச் சுருட்டுவதைப் பார்த்து, "என்ன பண்றேள்?" என்றாள்.

"எக்ஸர்சைஸ்."

"நன்னாருக்கு. வைத்தியம் பண்ணிண்டு வந்த காலை ஆட்டுவாளோ யாராவது? உள்ளே எறங்கினதெல்லாம் வெளியே வந்துடாதோ? முதல்ல லேசர் முடியட்டும். அப்புறம் நல்லிருக்கை. அதுக்கப்புறம் எக்ஸர்சைஸ் பண்ணிக்கலாம், ஓடிப்போயிடாது."

"அவ தினம் பண்ணச் சொன்னாளே."

"சின்னப் பொண்ணாக்கும். அதுக்கு என்ன தெரியும்?"

இங்கே நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் என் முன்னால் இரண்டு மருத்துவ முறைகள் நின்றன. ஒன்று காலை ஆட்டச் சொன்னது, மற்றது படுக்கச் சொன்னது. பாரத நாட்டின் புராதன ஞானத்தின் பக்கம் சாய்ந்தேன். அதாவது கட்டிலில் சாய்ந்தேன்.

கூடவே பத்தியமும் வந்தது. லேசர் வைத்த நாளில் குளியல் கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, உருளைக்கிழங்கு வாயு. ராத்திரி தயிர் போயிற்று. ஃபேன்கூட ஒன்றாம் நம்பருக்கு மேல் சுழலக் கூடாது.

"லேசருக்குத் தயிர் ஆகாதுன்னு யார் சொன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆகும்னு யார் சொன்னா?"

என் விஞ்ஞானப் பத்திரிகைகள் ஒன்றிலும் தயிரைப் பற்றிப் பேச்சே இல்லை.

படுத்திருந்த நேரத்தில் இதற்கெல்லாம் ஒரு தத்துவமும் கண்டுபிடித்தேன். ஒளி என்பது சக்தி, அது மூட்டுக்குள் தேங்க வேண்டும், அலுங்கினால் தளும்பிவிடும். இதை மறுநாள் ரயிலில் விளக்கினேன். ஆபீஸ் போகும் வண்டியில் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு, சீட்டாட்டக் கூட்டம். தினமும் ஒரே பெட்டி, ஒரே வாசல். லேசர் என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்துச் செய்த சொல் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பைகுல்லா வருவதற்குள் கூட்டத்துக்குப் பயமே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் ஏறியதும், "அரே, லேசர் சாப் கோ பைட்னே தோ" என்று, லேசர் சார் உட்கார ஒரு ஜன்னலோர இடம் காலியாகும். இத்தனை வருஷ சர்வீஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது அந்தச் சிவப்புப் புள்ளியால்தான்.

வலி குறையத்தான் செய்தது, அதை மறைக்கக் கூடாது. படியில் வரும் அந்தக் குத்தல் பாதியாயிற்று. ஆனால் கால் என்னவோ தொளதொளவென்று இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் தானாக மடங்கி, சாலையில் போகிறவர்களை வணங்குவதுபோல ஒரு குனிவு வந்தது. லேசர் உள்ளே வேலை செய்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் லேசரைத் தொடுவதற்கு முன்னால் தையல்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற அளவுநாடாவை எடுத்தார். என் இடது தொடையைச் சுற்றி அளந்தார். வலது தொடையை அளந்தார். மறுபடி வலது தொடையை அளந்தார். முதல் நாள் எடுத்து வைத்திருந்த அளவோடு ஒப்பிட்டுவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

"சார், வீட்ல என்ன செய்திய?"

"சொன்னபடிதாம்மா."

"யார் சொன்னபடி?"

இந்த மாதிரிக் கேள்வியை ஆபீஸில் ஆடிட் பார்ட்டிகூட என்னைக் கேட்டதில்லை. பத்தியம், நல்லிருக்கை, தளும்பாமல் தேக்குவது எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்காயையும் விடவில்லை. அவர் பச்சைக் கண்ணாடியைக் கழற்றினார், மெஷினை அணைத்தார், ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். மரியாதைக்காக அடக்கிப் பார்த்து, முடியாமல் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"எத்தனையோ பேர் எக்ஸர்சைஸ் செய்யாம வந்திருக்காவ சார். மறந்துட்டேம்பாவ, டைம் இல்லேம்பாவ. லேசருக்குப் பத்தியம் இருந்தவுக நீங்க ஒருத்தர்தான்."

"உன் வார்த்தையை மீறினதா ஆகாதும்மா. கொஞ்சம் ஒத்திப் போட்டேன், அவ்வளவுதான்."

"ஒத்திப் போட்டதுல தொடை மெலிஞ்சு போச்சு. வலி இல்லாத நாளையெல்லாம் படுத்தே தீத்திருக்கிய. எங்க வாப்பாவும் இப்படித்தான். முட்டு வலிக்குன்னு காலால மிதிக்கிற மெஷினை விட்டுட்டு ஓரமா உக்காந்துட்டாவ. மிதிங்க மிதிங்கன்னு சண்டை போட்டுத்தான் திரும்ப உக்கார வச்சேன். இப்பம் கடையில அவியதான் எல்லாரையும் வெரட்டுதாவ." பிறகு குரல் மாறியது. "அவசரம் ஒண்ணும் இல்லைல்லா? மெதுவா திருப்பிக் கொண்டாந்துரலாம்."

அவசரம் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மடி விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"மடியிலயா? இம்புட்டுப் பெரிய பொண்ணையா?"

"ஆமாம்."

"எத்தனை கிலோ?"

"அதைக் கேக்கற தைரியம் வீட்ல யாருக்கும் இல்லைம்மா."

"அது சரி. கேக்கப்படாதுதான்" என்று யோசித்தார். "உங்களுக்கு முடியலேன்னா?"

"என் தம்பி உட்காருவான்."

எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாட்டி மாமியக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மனைவி வந்தாள். செங்குத்துப் படியை என்னைவிட வேகமாக ஏறி, சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். "பத்தியமே வேண்டாம்னு சொன்னியாமே?" என்று முதல் அம்பை விட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஐயோ, யார் மாமி சொன்னா? பத்தியம் இல்லாம வைத்தியம் உண்டா? கடுமையான பத்தியம் உண்டு. சார்ட்டச் சொன்னா சரியாச் சொல்ல மாட்டாவன்னுதான் உங்கள வரச் சொன்னேன்."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்ன பத்தியம்?"

"இந்த வைத்தியத்துக்கு உக்காந்து கெடக்கிறது ஆகாது. படுக்கிறது அறவே ஆகாது. கத்தரிக்கா, தயிரு எல்லாம் ஆகும். லேசர் வச்சிட்டு வந்த அன்னைக்கு உக்காந்தார்னா அவ்வளவுதான், வச்சது வீண்."

அன்று மாலையிலிருந்து என் வாழ்க்கை மாறியது. தலைமுறை தலைமுறையாகப் பத்தியம் காத்த கட்டுப்பாடு முழுவதும் அப்படியே திரும்பி என்மேல் விழுந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு சாய்நாற்காலியை நெருங்கினால் போதும், சமையலறையிலிருந்து "பத்தியம்!" என்று குரல் வரும். எழுந்து நிற்பேன். காலையில் துண்டு, மாலையில் துண்டு. கணுக்காலில் கட்டிக்கொள்ள மணல்பை வேண்டும் என்றபோது, எங்கள் வீட்டில் யாருமே தின்னாத ரேஷன் கோதுமையை ஒரு பழைய பான்ட் காலில் கொட்டித் தைத்துக் கொடுத்தாள். நான் காலை நீட்டிப் பிடித்து நடுங்கிக்கொண்டிருக்கையில், அதிலிருந்து வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, என் கால்மேல் சாவகாசமாக உலாவும். அவற்றுக்கு முழங்கால் இல்லை என்று பொறாமைப்பட்டேன்.

லேசரும் நிற்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சிவப்புப் புள்ளியை வைத்து முடித்த கையோடு என்னை நாற்காலியில் உட்கார வைத்து எழுப்புவார். கையை ஊன்றக் கூடாது. பிறகு மடியில் ஒரு தலையணையோடு. பிறகு தலையணைக்குமேல் மெஷினின் கனத்த மரப்பெட்டியோடு. "வீட்ல எதையாவது மடியில வச்சுப் பழகுங்க சார். கொஞ்சங் கொஞ்சமா கூட்டிக்கிடுங்க" என்றார்.

வீட்டில் எதை வைத்துக்கொள்வது? அரிசி டின் மூலை குத்தியது. மடிக்கு அடக்கமாக, உருண்டையாக, திடமாக இருந்தது ஒன்றுதான்: தீர்ந்துபோய் மூலையில் நின்ற காஸ் சிலிண்டர். மனைவியும் நானும் தூக்கி என் மடியில் வைத்தோம். சிவப்பாக, கூறைப்புடவை கட்டினதுபோல, கம்பீரமாக உட்கார்ந்தது. அந்தச் சமயம் பார்த்து என் பெண் பாங்கிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, யே க்யா சல் ரஹா ஹை? என்ன நடக்கறது இங்கே?"

"ப்ராக்டிஸ்."

"எதுக்கு?"

"முகூர்த்தத்துக்கு."

அவளுக்குக் கணக்கு வேகமாக வரும், பாங்க் அல்லவா. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள்.

"அப்போ இது நானா?"

எந்தப் பதிலும் பத்திரமாகத் தெரியவில்லை.

"காலியா, ஃபுல்லா?"

"காலி."

"டீக் ஹை, பரவாயில்லை" என்று உள்ளே போனாள். அன்று ராத்திரி அவள் தட்டில் ஒரு சப்பாத்தி குறைந்தது. மறுநாள் குறைந்ததே தெரியாமல் திரும்பி வந்துவிட்டது.

கல்யாணம் நெருங்கியபோது என் முழங்கால் குணமாகியிருந்ததா என்றால், இல்லை. பிரம்பு நாற்காலிச் சத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கால் மடங்கிப் போவது நின்றது. படியில் இரண்டு திருப்பங்களை நிற்காமல் தாண்ட ஆரம்பித்தேன். நடுவில் தண்ணீர் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமலே போயிற்று. இது லேசராலா, கோதுமையாலா என்று பிசியோதெரபிஸ்டைக் கேட்டேன். "ரெண்டும் சேந்துதான் சார். எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீய" என்றார். ரயில் கூட்டத்தில் முழுப் பெருமையையும் லேசருக்கே கொடுத்தேன். கோதுமை என்று சொன்னால் ஜன்னலோரம் போய்விடும்.

மூட்டை உயரமாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்காது, எழுவது சுலபம் என்பது அவருடைய யோசனைதான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூட்டை போடலாமா என்று வாத்தியாரைக் கேட்டேன். "மூட்டைன்னுதான் இருக்கு. எத்தனைன்னு யாரும் சொல்லலை" என்றார். பம்பாயில் நெல்லுக்கு எங்கே போவது? இரண்டு அரிசி மூட்டையை அடுக்கி, மாட்டுங்கா பூஜைக் கடையில் வாங்கிய ஒரு பிடி நெல்லை மேலே தூவிச் சம்பிரதாயத்தைக் காப்பாற்றினோம்.

முகூர்த்தத்தன்று தம்பி பஞ்சகச்சம் கட்டித் தயாராக நின்றான். "சும்மாதான் அண்ணா. ஒருவேளை உனக்கு முடியலேன்னா" என்றான். அவன் நல்லவன். அதுதான் எனக்கு அவனிடம் எப்போதுமே இருந்த சங்கடம்.

நான் மூட்டைமேல் உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது. கூறைப்புடவையில் பெண்ணை அழைத்து வந்தார்கள். என் மடியில் உட்கார வைத்தார்கள். வாத்தியார் மந்திரத்தை ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்துக்காகக் காத்திருந்தேன்.

பாரம் வரவில்லை.

முதலில், நம் தொடைதான் இரும்பாகிவிட்டது என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். பிறகுதான் அவள் முதுகு லேசாக நடுங்குவது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். புடவைக் கரைக்குக் கீழே அவள் இரண்டு பாதங்களும் தரையில் அழுந்த ஊன்றியிருந்தன. என் மடியை ஒட்டினாற்போல, ஆனால் மடிமேல் இல்லாமல், தன் கால் பலத்தில் தானே நின்றுகொண்டிருந்தாள். அத்தனை கனத்த புடவையோடு, மாலையோடு. லேசரையும் அவள் நம்பவில்லை, கோதுமையையும் நம்பவில்லை.

"உட்காரு" என்றேன் காதில்.

"உட்காந்துண்டுதான் இருக்கேன்."

"பொய். முழுசா உட்காரு."

"உன் கால், அப்பா."

"அது என் கால். நான் பாத்துக்கறேன். உட்காரு, கண்ணா."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவும் பெண்ணும் முகூர்த்த நேரத்தில் குசுகுசுவென்று சண்டை போடுவதற்கு மந்திரம் எதுவும் இல்லை. அவள் ஒரு மூச்சு விட்டாள். பாதங்கள் தளர்ந்தன. உட்கார்ந்தாள்.

கனம்தான். நிஜமான கனம். முழங்கால் ஒரு தடவை முனகியது, தொடை தாங்கிக்கொண்டது. மாப்பிள்ளை குனிந்தார், கெட்டிமேளம் முழங்கியது, எல்லோரும் அட்சதையைப் போட்டார்கள். அதில் பாதி என் வழுக்கையில் விழுந்தது. இரண்டாம் வரிசையில் தன் வாப்பாவோடு உட்கார்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட், மணப்பெண்ணையும் பார்க்கவில்லை, தாலியையும் பார்க்கவில்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெண் எழுந்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அக்னிப் பக்கம் போனார்கள். மடி காலியாயிற்று.

"மாமா, எழுந்துக்கலாம்" என்றார் வாத்தியார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியும், அது எனக்கு நன்றாகத் தெரியும். கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து பழகியாகிவிட்டது. ஆனால் என் மூக்குக்கண்ணாடியில் ஏதோ பனி படர்ந்தாற்போல இருந்தது. வேஷ்டி நுனியைத் தேடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி ஓடி வந்தான். குனிந்து, என் அக்குளில் கையைக் கொடுத்தான். "சொன்னேனே அண்ணா, நான் உட்காந்திருப்பேனே. ரொம்ப வலிக்கறதா?"

"ரொம்ப" என்றேன்.

"முழங்காலா?"

"வேறென்ன?" என்று சொல்லி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவன் என்னை மெதுவாக, மிகவும் ஜாக்கிரதையாகப் பந்தி நடக்கும் பக்கம் அழைத்துக்கொண்டு போனான். நான் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நொண்டினேன். அவன் அவ்வளவு நம்பிக்கையோடு பிடித்திருந்தபோது நொண்டாமல் இருப்பது மரியாதையாகத் தோன்றவில்லை.